நகக்கண்

செவ்வாய்தோறும் இரண்டு மணிக்கு
தர்சோ ஊர்க்கூடத்தில் நகம் வெட்டுகிறோம்.
அறுபது தாண்டியிருக்க வேண்டும்,
மூன்று பவுண்டு, சொந்தத் துவாலை.
கைக்கு எட்டாத தூரம் போய்விட்ட கால்களை
எப்படியோ இழுத்துக்கொண்டு
வந்து சேர்கிறார்கள்.

பதினெட்டு வருஷம் மீன் ஆலையில்
ஹாடக் மீனுக்கு முள்ளெடுத்தவள் நான்.
ஆலையை மூடியதும்
கத்தி பிடித்த கைதானே என்று
நலச்சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.
ஆறு வாரப் பயிற்சி:
சர்க்கரைக்காரர் என்றால் நர்ஸிடம் அனுப்பு,
நேராக வெட்டு, மூலையைத் தோண்டாதே,
சொந்த விஷயம் எதையும் கேட்காதே.

கேட்டதே இல்லை.
வெந்நீரில் கால் ஊறி நாலாவது நிமிஷம்
அவர்களே தொடங்கிவிடுகிறார்கள்.

மகன் ஞாயிறன்று கனடாவிலிருந்து கூப்பிடுவானாம்.
சனிக்கிழமையே தொண்டையைச் செருமி
நாலு வாக்கியம் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாராம்
டொனல்டினா கன்.
'வாரம் முழுக்கப் பேசாத குரல்,
துருப்பிடித்துக் கிடந்தால் அவன் பயந்துவிடுவான்.'
சொல்லிவிட்டு,
சுண்டுவிரலை விட்டுவிட்டாயே என்றார்.

வாசல் பலகையில் வேறொரு தாளும் இருந்தது:
மனம் கனக்கிறதா? பேசலாம், வாருங்கள்.
செவ்வாய், மாலை ஆறு மணி.
தாளின் அடியைக் கத்தரித்து
தொலைபேசி எண்ணை வால் வாலாகத்
தொங்கவிட்டிருந்தாள் இஷ்பெல்.
குளிர்காலம் முழுக்க
ஒரு வால்கூடக் குறையவில்லை.
குறைந்தால், கிழித்தது யாரென்று
ரொட்டிக்கடை வரிசைக்குத் தெரிந்துவிடும்.
இந்த ஊரில் காற்றிடம்
எல்லா வீட்டுச் சாவியும் இருக்கிறது.
வட்டமாய்ப் போட்ட எட்டு நாற்காலிகளில்
ஒன்றில் ஏழு மணிவரை இருந்துவிட்டு
எட்டையும் அவளே அடுக்குவாள்.

நகத்துக்கு வருவதில் என்ன வெட்கம்?
நகம் யாருக்கும் வளரும்.

கென்னத் மௌவட்டும் பெதையாவும்
நகமும் சதையுமாக இருந்தவர்கள் என்பார்கள்.
நகம் சதைக்குள்ளேயே வளர்ந்தால் என்ன ஆகும் என்பதை
இப்படிச் சொல்கிறவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.
அவருடைய வலது கட்டைவிரல்
நகக்கண் சிவந்து, தொட்டால் துடித்தது.
'பிப்ரவரியிலிருந்து அடுப்பு பற்றவைக்கவில்லை'
என்றார்.
என்னிடம் இல்லை, விரலிடம்.
நானும் விரலையே பார்த்துக்கொண்டு
'அப்படியா' என்றேன்.
முகத்தைப் பார்த்திருந்தால்
அன்றோடு நின்றிருப்பார்.

மார்ச்சில் கவுன்சிலிலிருந்து கடிதம்.
மாலைக் கூட்டத்துக்கு வருகை பூஜ்யம்,
ஏப்ரல் முதல் பணம் இல்லை.
சங்கத்தில் எங்களுக்கு ஒரு திருட்டு யோசனை.
பதிவேட்டில் புதிதாய் ஒரு வேலை எழுதினோம்:
துவாலை உதவியாளர், ஒருவர்.
இஷ்பெல் இப்போது முக்காலியில் குனிந்து
விரலிடுக்கில் ஈரம் ஒற்றுகிறாள்.
படித்ததை எல்லாம்
துவாலையோடு மடித்து மடியில் வைத்திருக்கிறாள்.
மெதுவாகத்தான் ஒற்றுவாள்.
சிலருக்கு ஒரு காலுக்கே
அரைமணி நேரம் ஆகிறது.
மே மாதம் கென்னத்தின் கம்பளிச் சட்டையில்
வெங்காயம் கருகிய வாசனை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இன்று மூன்றே கால்.
காலையில் குழந்தைகள் கூட்டத்துக்கு வரும் ரூரி
திரையை விலக்கிக்கொண்டு வந்து
டொனல்டினாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.
மார்புத் தூளியில் பிள்ளை தூங்குகிறது.
அவன் தூங்கிப் பல நாளிருக்கும்.
இடது ஷூவை வலதுகாலால் தேய்த்துக் கழற்றி,
காலுறையையும் உரித்தான்.
ஒழுங்காக வெட்டிய ஐந்து நகங்கள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை.
டொனல்டினா தன் துவாலையை
அவன் பக்கம் தள்ளினார்.

வயது என்ற கட்டத்தில்
இருபத்தாறின் இரண்டு இலக்கங்களை
இடம் மாற்றி எழுதிவிட்டு
கெட்டிலை எடுத்தேன்.
'சூடு போதுமா, பார்.'