பலகை கழற்றிய அன்று

‘குடும்பங்களுக்கு மட்டும்’ பலகையைக்
கழற்றச் சொல்லிற்று பலதியா.
நான்தான் கழற்றினேன்.
நான்கு திருகாணி. ஒன்று உப்புக்காற்றில் இறுகி
வரமாட்டேன் என்றது. சுவரிலேயே விட்டுவிட்டேன்.

இஷா தொழுகை முடிந்து
சோஹார் பூங்காவில் வட்டமாய் நாற்காலிகள்,
தண்ணீர் பாட்டில், பேரீச்சை.
“வலித்ததைச் சொல்லுங்கள், நகராட்சி கேட்கும்”
என்றார் அதிகாரி ஸமீஹா.
வெகுநேரம் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் மட்டும் பேசிற்று.

அப்புறம் வந்தது:
ஒரே கிரேனுக்கு, பாஸ்போர்ட் பார்த்து, மூன்று சம்பளம்.
லிஃப்டில் மூக்கைப் பொத்திக்கொண்ட பெண்.
நானும் சொன்னேன்,
பதினோரு வருடமாய் என் பெயர் கேட்காத முதலாளியை.
தலையாட்டினார்கள்.
அது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது இத்ரீஸ், சூடான்காரன்,
அந்தப் பலகையைக் காட்டி
வெள்ளிக்கிழமைதோறும் எங்களை விரட்டிய காவலாளி.
ஒரே ஒரு சொல் சொன்னான்.
கரிச்சட்டி.
ஒற்று பிசகவில்லை,
எங்கள் கேம்ப் உச்சரிப்பு அப்படியே.

“அர்த்தம் தெரியாது” என்றான்,
“சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அது தெரியும்.”

வட்டத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்.
“மொழிபெயர்க்கிறீர்களா?” என்றார் ஸமீஹா.

அரபியில் அதற்கொரு சொல் வேண்டும்.
தேட வேண்டியிருக்கவில்லை.