பில்லின் பின்பக்கம்

ஜெசிந்தா,
நீங்கள் கேட்ட நேரத்தில் உங்கள் பஸ் வந்துவிட்டது.
பதிலின் முதல் எழுத்திலேயே நின்றிருந்தேன்.
படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு
அந்த எழுத்து முடியட்டும் என்று பார்த்தீர்கள்.
கண்டக்டர் பார்க்கவில்லை.

அதனால் எழுதியே தருகிறேன்,
ஆயில் சீல் ரெண்டு, பேரிங் ஒன்று
என்று போட்டு அடித்த பில்லின்
பின்பக்கத்தில்.

ரோஷனுக்கு நாலு வயதுதானே?
முதலில் ‘பன்றிக்குப் பல் வலி’ வாங்குங்கள்.
தமுக்கத்துப் புத்தகக் கண்காட்சியில்
கேன்டீனை ஒட்டிய கடைசி வரிசையில் எடுத்தேன்.
தாள் கெட்டி. சாம்பார் சிந்தினால் துடைத்துவிடலாம்.
பக்கத்துக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு கதவு,
கன்னம் வீங்கிய பன்றி போய்த் தட்டும்.
உள்ளேயிருந்து ஆளுக்கொரு வைத்தியம்:
கிராம்பு வை, உப்புத்தண்ணீரில் கொப்பளி,
நூலைக் கட்டி இழு.

அட்டையிலேயே எனக்கு இரண்டு ‘ப’.
படத்தைப் பார்த்த மயக்கத்தில் வாங்கிவிட்டேன்.
பழங்காநத்தம் என்று கேட்க வாய் வராமல்
ஆண்டாள்புரத்துக்கு டிக்கெட் எடுத்து
மீதித் தூரம் நடக்கிறவன் நான்.
பெண் பிறந்தபோது பவித்ரா என்றாள் மனைவி.
அவந்திகா என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அன்று ராத்திரி புத்தகத்தைப் பிரித்தேன்.
ப். ப். ப். ப். பன்றி.
அடுத்த பக்கம்.
ப். ப். ப்.
மடியில் இருந்தவள் என் முழங்காலில்
கை முட்டியால் தட்ட ஆரம்பித்தாள்,
ஒவ்வொரு ‘ப்’புக்கும் ஒரு தட்டு.
நான் திணறத் திணற அவளுக்குச் சிரிப்பு.
கடைசிக் கதவுக்கு
வேண்டுமென்றே இன்னும் நாலு தட்டு கேட்டாள்.
அதை மட்டும் என்னால் தர முடியவில்லை,
சொல் அப்போது பார்த்துச் சுலபமாக வந்துவிட்டது.

அடுத்த வாரம் அவள் சித்தி வந்து வாசித்தாள்,
வார்த்தையெல்லாம் எண்ணெய் போட்டதுபோல் ஓடியது.
இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடினாள் அவந்திகா.
“சித்தி கதவையே தட்டல.
பன்னி எப்படி உள்ள போகும்?”

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்,
நீங்கள் கேட்டது புத்தகம்.

இரண்டாவது, ‘சுவரொட்டி தின்னும் ஆடு’.
உள்ளே ஓர் எழுத்துகூடக் கிடையாது.
காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, வாழ்த்துகிறோம் அண்ணே,
எல்லாவற்றையும் ஒரே பசியில் மேயும்.
ஒரு சுவரில் மீசையின் பாதியை மிச்சம் விடும்.
வாய்க்கு வந்ததைச் சொல்லலாம்,
வராததைச் சுற்றிக்கொண்டு போகலாம்,
அதில் எனக்கு முப்பது வருட சர்வீஸ்.
ஆனால் ஆட்டுக்காரர் யார் என்று ரோஷன் கேட்பான்.
புத்தகத்தில் அவர் இல்லை.
எங்கள் வீட்டில் அவர்
பருத்திப்பால் விற்கிறவர் என்று மகள் முடிவு செய்தாள்.
சொல்லிப் பாருங்கள், அதில் எத்தனை ‘ப’ என்று.

முயலும் கேரட்டும் என்று பளபளப்பாக ஒன்று கண்ணில் படும்.
கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி நீதி போட்டிருக்கிறார்கள்.
வாங்கிவிட்டால் அந்தப் பக்கத்துக்கு
நம் கடை ஸ்டேப்ளரை எடுத்துப்போங்கள்.

பத்து சதவீதம் கழிவு கேட்டால் தருவார்களாம்.
நான் கேட்கவில்லை.

வாசிக்கும்போது சத்தமாக வாசியுங்கள்,
பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை.
உங்களுக்குச் சொல்லெல்லாம் உடனே வந்துவிடும்,
சிக்கலே அதுதான்.
கதவு வருகிற இடத்தில்
கொஞ்சம் நின்று போங்கள்.

பன்றியை நாளைக்கே கொண்டுவருகிறேன், படித்துவிட்டுத் தாருங்கள்.
ஆட்டைத் தர முடியாது.
அதன் ஒரு காதை அவந்திகா தின்றுவிட்டாள்.
கார்பன் இந்தப் பக்கமும் இறங்கியிருக்கிறது,
சேலையில் ஒட்டாமல் மடியுங்கள்.