காரணம் என்ற கட்டத்தில்

ஐஸ்லாந்தின் இந்த வடகோடி ஊரில்
வங்கிக் கிளை ஒன்று, கடன் மேசை ஒன்று.
மேசைக்குப் பின்னால் நான்.
நவம்பரில் பகலென்று வருவது
நாலு மணி நேரம்;
விளக்கை அணைப்பதே இல்லை.

கிழக்குக் கரை மீன் ஆலையின் ஹல்பேரா
செவ்வாய்க்கிழமை வந்தாள்.
மேற்குக் கரை ஓட்கேர்
வியாழன்.
இருவருக்கும் வேண்டியது ஒரே இயந்திரம்:
காட் மீனுக்குள் எக்ஸ்ரே பாய்ச்சி
மயிரளவு முள்ளையும் கண்டுபிடித்து
நீர்த்தாரையால் அறுத்தெடுப்பது.

காரணம் என்ற கட்டத்தில்
இருவரும் எழுதியிருந்தார்கள்:
'போட்டியாளரைவிட ஓரடி முனே இருக்க.'
விற்பனையாளன் தந்த கையேட்டில்
மூன்றாம் பக்கத்து வரி.
விழுந்துபோன அந்த 'ன்' உட்பட
அப்படியே.

முந்துவது பந்திக்கா படைக்கா என்று கேட்க
விண்ணப்பத்தில் இடமில்லை.
ஒருவர் வந்ததை மற்றவரிடம் சொல்ல
எனக்கும் உரிமையில்லை.
தொண்டையில் நின்ற முள்ளோடு
கையெழுத்துப் போட்டேன்,
ஆளுக்குப் பதினெட்டுக் கோடி குரோனா.

ஹல்பேராவின் பெட்டிகள்தான் முதலில் கப்பலிறங்கின.
பதினோரு வாரம் முந்தி.
முள்ளில்லாத துண்டங்கள் பாரிசுக்கு விமானம் ஏறின.
தண்ணீருக்கு இந்தப் பக்கம்
ஓட்கேர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தான்.
அங்கே ஓடுவதும் முள்தான்,
அதை அறுக்கும் தாரையை
இன்னும் யாரும் விற்கவில்லை.

பிறகு அவனுடையதும் வந்தது.
கிலோவுக்கு நாற்பது குரோனா கூடக் கிடைத்தது
பன்னிரண்டாகி,
ஏழாகி,
ஒரு நாள் பாரிஸ்காரன்
முள்ளில்லாமை என்பதைத்
தள்ளுபடிக்குரிய பொருளாகப் பேசத் தொடங்கினான்.

ஆனாலும் என் காலாண்டுத் தாளில்
கிழக்குக் கரைக்கு
டன்னுக்கு இருபத்துமூன்று கிலோ கூடுதல் சதை.
அதே இயந்திரம். அதே கடல்.
அதே மீன்.

இரவுச் சுத்தம் செய்ய வந்தவள் மிரோஸ்வாவா,
போலந்துக்காரி.
மைனஸ் ஒன்றுக்குக் குளிர்ந்தால்தான்
சதை விறைத்து நிற்கும்,
கண் ஏமாறாது என்று பார்த்துவைத்தாள்.
புயலுக்கு மறுநாள் பிடித்த மீனில்
தாரையை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதையும்
ஒரு கோடுபோட்ட நோட்டில்
தன் மொழியில் எழுதிவைத்தாள்.
ஹல்பேரா அவளுக்குக் கொடுத்தது
ஒரு சாவிக்கொத்தும்
கிறிஸ்துமஸ் கேக்கும்.

இந்த ஊரில் ரகசியம் நீந்துவது
நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில்.
கழுத்துவரை நீரில் உட்கார்ந்து
ஓட்கேர் அவளிடம் கேட்டான்.
ஒன்றரை மடங்கு சம்பளம்.
ஏப்ரல் ஆறாம் தேதி
பச்சை ஸ்கோடா ஒன்று ஃபியோர்டைச் சுற்றி
முப்பத்தொரு கிலோமீட்டர் ஓடியது.
பதினெட்டுக் கோடி
தரையில் போல்ட் போட்டு முறுக்கியபடி
அங்கேயே நின்றது.

ஜூன் தாளில்
இருபத்துமூன்று கிலோ
மேற்குக் கரைக் கணக்கில் இருந்தது.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
எண்கள் இடம் மாறும்போது
சத்தம் போடுவதில்லை.

ஆகஸ்டில் அவளே வந்தாள்.
ஒரு பழைய வேன், ஒரு மடிக்கணினி,
அவ்வளவுதான் கேட்டாள்.
எந்தக் கரை கூப்பிட்டாலும் போவாளாம்,
மணிக்கு இவ்வளவு, இருவருக்கும் ஒரே விலை.
காரணம் என்ற கட்டம் காலி.
எழுதவில்லையே என்றேன்.
"இரண்டு பக்கக் கணக்கும்
நீங்கள்தானே பார்க்கிறீர்கள்" என்றாள்.

அதே வாரம் தலைமை அலுவலகத்துக் கடிதம்.
அக்டோபர் முதல்
விண்ணப்பங்களை மென்பொருளே படிக்கும்,
காலிக் கட்டம் இருந்தால் தானாகத் தள்ளும்.
ஏன் இந்த மாற்றம் என்று ஒரு பத்தி.
போட்டி வங்கிகளைவிட
ஓரடி முனே இருக்க.

விளக்கை அருகே இழுத்தேன்.
அவளுடைய காலிக் கட்டத்தில்
என் பேனாவால் எழுதினேன்:
நோட்டு வைத்திருக்கிறாள்.