எழுத்துமூலம் நன்றி

குட்டாயிசியில் அந்தக் குளிர்காலம் முழுக்க
மின்சாரம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வந்தது.
அதுவும் பணம் திருப்ப வந்த கடனாளி மாதிரி,
வீட்டில் யாரும் விழித்திராத நேரமாய்ப் பார்த்து.
என் நகல் இயந்திரத்துக்குக் கைப்பிடியைச் சுற்றினால் போதும்.
அதனால்தான் ஐந்து பேரும் என் நிலவறைக்கு வந்தார்கள்.
ஒருவரையொருவர் பிடித்துப்போய் அல்ல.

நுக்ஸாருக்கு அரசர் திரும்பி வர வேண்டும்.
டிராலிபஸ் ஓட்டியவர். மேலே கம்பியை விட்டால்
வண்டி நின்றுவிடும் என்பதே அவருடைய அரசியல்.
முட்டை விற்கும் சியாலாவுக்கு யாரும் வரவே வேண்டாம்.
வந்தவனெல்லாம் முட்டையை எண்ணுகிறான்,
கோழிக்குத் தீனி போட்ட ஒருத்தனைக் காட்டு என்பாள்.
யாம்ஸே சட்டம் படித்தவள்.
சாசனத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியதால்தான்
நாடு இப்படி ஆனது என்று
பதினோரு இதழ்களாக நிரூபித்துக்கொண்டிருந்தாள்.
மெராப் பல் மருத்துவர்.
வாயைத் திறந்து கிடப்பவர்களிடம்தான் நகைச்சுவை சொல்வார்,
அவர்களால் சிரிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.
எழுத்திலும் அந்தப் பழக்கம் இருந்தது.
கோச்சா இன்னும் கட்சியில் இருந்தான். கட்சிதான் இல்லை.
நிலக்கரி பற்றி வாராவாரம் எட்டுப் பக்கம்.
படித்தது நான் ஒருத்தி,
அதுவும் மை சரியாய் விழுந்ததா என்று பார்க்க.

கருத்துக்கு நான் காசு வாங்கியதில்லை.
காகிதத்துக்கு உண்டு.

பிப்ரவரியில், பெயர் போடாத ஒரு துண்டுத்தாள்
சந்தை முழுக்கப் பரவியது:
"மேயர் நூறு விளக்குக் கம்பம் நட்டார்.
மின்சாரம் வரவில்லை.
நாய்கள் எழுத்துமூலம் நன்றி தெரிவித்தன."

சாவியை நான் ஆணியில் மாட்டிவைப்பது
ஐவருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் சார்ஜெண்ட் பத்ரி படியிறங்கி வந்தார்,
கையில் அந்தத் தாள், மீசையில் பனி.
யார் எழுதியது?

அரசர் காலத்து நாய்களுக்கு மரங்கள் இருந்தன,
எனக்கு இதெல்லாம் தோன்றாது என்றார் நுக்ஸார்.
நான் எழுதினால் கம்பம் விற்றவன் பெயர் இருக்கும்,
கமிஷன் தொகையோடு என்றாள் சியாலா.
யாம்ஸே தாளை வாங்கி மெழுகுவர்த்தியருகே பிடித்து
'நட்டார்' என்பதற்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்தவன்
என் நண்பனாகக்கூட இருக்க முடியாது என்றாள்.
மெராப்புக்கு உண்மையாகவே கோபம்.
"நன்றி தெரிவித்தன, போதும். எழுத்துமூலம் எதற்கு?
நாய் காலைத் தூக்கிவிட்டது,
அப்புறமும் விளக்கவுரையா? கற்றுக்குட்டி வேலை!"
பத்ரி அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பின்னாலிருந்து
நாற்காலி உரசும் சத்தம்.
"அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அதில் என்ன இருக்கிறது?"
கோச்சாவின் காதெல்லாம் சிவந்திருந்தது.
"மூன்று இரவு உட்கார்ந்தேன் அதற்கு."

கைதைப் பற்றி யாரும் நினைக்கவேயில்லை.
கோச்சாவா?
மெராப் மெதுவாக உட்கார்ந்தார்,
தன் நோயாளிகளைப் போல வாய் திறந்தபடி.

இரண்டு இரவு உள்ளே வைத்திருந்தார்கள்.
வெளியே நான்கு தாள் வந்தன.
மன்னராட்சியில் இப்படி நடக்காது என்று ஒன்று.
காவல் நிலையம் விழுங்கும் மண்ணெண்ணெய்க் கணக்கு ஒன்று.
கைது செல்லாது, முற்றுப்புள்ளியும் செல்லாது என்று ஒன்று.
மெராப்பின் தாளில் இரண்டே வரி:
"இந்த வாரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.
தோன்ற வேண்டியது வேறொருவருக்குத் தோன்றிவிட்டது."

கோச்சா திரும்பி வந்ததும் நான்கையும் நின்றபடியே படித்தான்.
நான்கும் தவறு என்றான்.
மறுப்பு எழுதக் காகிதம் கேட்டான், எட்டுப் பக்கத்துக்கு.
மற்றவர்கள் போன பிறகு, கைப்பிடியைத் துடைப்பதுபோல் நின்று,
சந்தையில் சிரித்தார்களா என்று கேட்டான்.

சந்தை தெரியாது, அன்றைக்கு உன்னைக் கூட்டிப்போகையில்
பத்ரி படிக்கட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்,
தோள் குலுங்கியது என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
பிறகு, மைக்கு என் பாக்கி எவ்வளவு என்றான்.
நிறைய, என்றேன்.