டாலர் குறி போட்ட பெயர்

பகலில் நான் ஓட்டினால் ஓடுகிறது.
இரவு இரண்டே காலுக்கு
அதுவாக ஓடும்போது
"பாதையைக் காணோம்" என்று
ஒற்றை வரி எழுதிவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

ஐந்து நாளாக இதே.
காரைக்குடி செக்காலை ரோட்டு நகைக்கடன் ஆபீஸ்.
மதுரைக்குப் போயிருக்க வேண்டிய பேக்கப்பில்
ஒரு ஃபைல்கூட இல்லை.

இன்று வீட்டுக்குப் போகவில்லை.
ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரி சேர்த்தேன்:
நீ யார், சொல்.
அதன் கீழே இன்னொன்று:
உன் கண்ணுக்கு எந்தெந்த டிரைவ் தெரிகிறது?

வாட்ச்மேன் காளைலிங்கம் எட்டிப் பார்த்தார்.
"இன்னுமா போகல?"
"கணக்கு உதைக்குதுண்ணே."
அவர் முகம் செத்துவிட்டது.
"எவ்வளவு குறையுது?"

இரண்டு பதினைந்து.
பதில் வந்தது.
பெயர்: சிஸ்டம்.
டிரைவ்: சி, டி.
இசட் இல்லை.

இசட் நான் மாட்டிய கதவு.
நான் உள்ளே நுழைந்தால்தான் அது சுவரில் இருக்கும்,
அதுவும் எனக்கு மட்டும்.
இத்தனை நாளும்
வெறும் சுவரில் முட்டியிருக்கிறது, பாவம்.

கதவின் பெயரை எடுத்துவிட்டு
மதுரை சர்வரின் முழு விலாசத்தை எழுதினேன்.
மறுபடி ஓட்டினேன்.
"அனுமதி மறுக்கப்பட்டது."
தவறு மாறிவிட்டது!
ஐந்து நாளில் முதல் முறையாக
ஒரு வாய் டீ இறங்கியது.

ஆனாலும் இதென்ன?
இந்தப் பெட்டிக்குள் சிஸ்டத்துக்கு மேல் ஆள் கிடையாது.
என் கணக்கை அழிக்கும்,
மேனேஜர் கணக்கையும் அழிக்கும்.
அதற்கா அனுமதி இல்லை?

மதுரையில் நைட் ஷிப்ட் செங்கோல்ராஜ்
கொட்டாவியோடு தீர்ப்புச் சொன்னார்:
"எல்லாருக்கும் ஃபுல் கண்ட்ரோல் குடுத்துர்றேன்.
சோலி முடிஞ்சுது."
அடகு வைத்தவர்களின் ஆதார் நகல்,
தாலிக்கொடியின் படங்கள்,
எல்லாம் இருக்கிற ஃபோல்டர் சார், வேண்டாம்.
"அப்ப யாருக்குத்தான் குடுக்கறது?"

யாருக்கு?

இந்த ஊரிலிருந்து பினாங்குக்குப் போன மேலாள்
தன் பெயரிலா கையெழுத்துப் போட்டார்?
கடையின் விலாசத்தில்தானே.
உள்ளே எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்
படி இறங்கினால்
சிஸ்டம் என்ற பெயர் செல்லாது.
நெட்வொர்க்கில் அது
தான் குடியிருக்கும் மெஷினின் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிறது,
பின்னால் ஒரு டாலர் குறியோடு.
மதுரைக்கு அந்தப் பெயரே தெரியாது.

"சார், எழுதிக்கிறீங்களா?
காரைக்குடி, கோடு, சர்வர், இரண்டு.
கடைசியில் டாலர்."
"டாலரா?"
"டாலர்தான்.
எழுத மட்டும் அனுமதி போதும்,
அழிக்க வேண்டாம்.
ஷேரிலும் குடுங்க, ஃபோல்டரிலும் குடுங்க.
ஒண்ணுல விட்டாலும் திருப்பி அனுப்பிரும்."

இரண்டு ஐம்பத்திரண்டு.
ஒன்று. நாற்பது. முந்நூறு.
எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆயிரத்து எண்ணூற்றுப் பதினான்கில் நின்றது.
சரிபார்த்தேன். இங்கேயும் அவ்வளவே.

நீ யார் என்ற வரியை மட்டும் எடுக்கவில்லை.
தினமும் ஒருமுறை சொல்லிவிட்டே போகட்டும்.

ஷட்டரை இழுக்கும்போது
காளைலிங்கம் கேட்டார்:
"கணக்கு நேராயிருச்சா?"
"ஆச்சுண்ணே."
"எவ்வளவு இடிச்சுச்சு?"
"ஒரு டாலர்."

வெளிநாட்டுப் பணமா என்று
வாசல் விளக்கடியில் நின்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.