ஓர் ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ

செந்தூல் அடுக்குமாடியில் லிஃப்டுக்குள்
ஒரு தகடு உண்டு:
பதின்மூன்று பேர், எண்ணூற்று எண்பத்தைந்து கிலோ.
இருபத்திரண்டு வருடமாக அதைத் துடைக்கிறேன்.
போன மாதம்தான் வகுத்துப் பார்த்தேன்.
ஓர் ஆளுக்கு அறுபத்தெட்டாம்.
நான் எண்பத்தொன்று.
இன்னொருவனில் ஐந்தில் ஒரு பங்கை
காற்சட்டைக்குள் கூட்டிக்கொண்டு ஏறுகிறேன்.

மாத்திரைக்கு முன்னால் எழுபத்து நான்கு.
அன்று ரத்த அழுத்தம் நூற்று அறுபத்தெட்டு.
மருந்தகத்துப் பெண் நோர்ஹயாத்தி சொன்னாள்,
"இது நெஞ்சுக்குப் பிரேக், என்சிக்."
பிரேக்கைப் பற்றி என்னிடமா என்று சிரித்தேன்.

பிரேக் நன்றாகத்தான் பிடித்தது.
அழுத்தம் இறங்கியது.
நாடி ஐம்பத்து நான்கில் உட்கார்ந்துகொண்டது,
எழுந்திருக்க மனமில்லாத அரசாங்க குமாஸ்தா மாதிரி.
விரல்கள் சில்லிட்டன; நண்பகலில்
கையில் எடுத்த ஸ்பானர் வெதுவெதுப்பாக இருந்தது.
பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன்.
ரொட்டி சானாய் என்றாள் கனகவேணி.
அதுவும் பொய்யில்லை.

இரண்டாம் வருடம்
வெறும் வயிற்றில் சர்க்கரை ஆறு புள்ளி ஐந்து.
கொழுப்பிலும் ஒன்று ஏறியிருந்தது, பெயர் வாயில் நுழையவில்லை.
டாக்டர் லியூ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மருந்து கொஞ்சம், வாய் கொஞ்சம்.
பங்கு பிரிக்க என்னிடம் தராசு இல்லை.
இன்சுலின் கதவைத் தட்டுகிறது,
தசை மெதுவாகத் திறக்கிறது."
புரிந்தது.
நோன்பு மாதம், மாலை ஆறரை,
பதினேழு மாடிக்கு ஒரே லிஃப்ட் ஓடுகிறது;
கீழே பொட்டலங்களோடு கூட்டம்.
யாரும் தவறு செய்யவில்லை.
யாரும் வீடு போய்ச் சேரவுமில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன்.
பி பிளாக், ஒன்பதாவது மாடி.
கூண்டின் கூரைமேல் நானும் ரஃபிக்கும்.
அரை அடிதான் நழுவியது.
அவன் அல்லாவைக் கூப்பிட்டான்.
நான் முகச்சவரத்துக்கு நிற்பவன்போல நின்றேன்.
பயம் தலையில் இருந்தது.
நெஞ்சுக்குத் தகவல் போகவில்லை.
வியர்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

ரஃபிக் அலுவலகமெங்கும் சொல்லிவிட்டான்,
பாஸுக்குப் பயமே இல்லை.
எல்லோருமாக நாசி லெமாக் வாங்கித் தந்தார்கள்.
இரண்டு பொட்டலம் தின்றேன்.
வீரம் என் பெயரில் இருந்தது,
ரசீது மருந்தகத்தில் இருந்தது.
இரவு மார்பில் கை வைத்துக் கேட்டேன்:
அந்த நேரம் நீ எங்கே போயிருந்தாய்?
டொக்... நெடுநேரம்... டொக்.

டாக்டரிடம் சொன்னேன். மாற்றித் தந்தார்.
"சட்டென்று நிறுத்தினால் திருப்பி அடிக்கும்.
முதலில் பாதி. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள்."
பிரேக்கை ஒரேயடியாக விட்டால் என்ன ஆகும் என்று
எனக்கா தெரியாது?

போன வியாழன், சி பிளாக்.
இருட்டுக் குழியிலிருந்து ஒரு புறா
முகத்தை உரசிக்கொண்டு பறந்தது.
திடும் என்றது உள்ளே.
திடுதிடுவென்று ஓடியது, காதுவரை கேட்டது.
தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு
கெட்ட வார்த்தை சொல்லிச் சிரித்தேன்.
"பயந்துட்டீங்களா பாஸ்?"
ஆமாண்டா, ரொம்ப.

எடை இன்னும் எண்பது.
சர்க்கரை ஆறு புள்ளி இரண்டு; தே ஓவில் சீனி போடுவதில்லை,
சொல்லப்போனால் வாரத்தில் ஐந்து நாள்.
புது மாத்திரைக்குக் கணுக்கால் வீங்குகிறது.
சாயங்காலம் சாக்ஸ் கழற்றினால்
நிற்கிறது வளையம்.
அடுத்த முறை மறக்காமல் சொல்ல வேண்டும்.