ஷேவ் பண்ணலடி

முதலில் சாக்ஸைத்தான் சந்தேகப்பட்டேன்.
இருபத்தோரு வருடமாக அதே இறுக்கம்,
அதே இடத்தில் வட்டம்.
ஆனால் வழுக்கை
வட்டத்தைத் தாண்டி முழங்காலுக்கு ஏறிவிட்டது.

தலை போனபோது ஊரே விசாரித்தது.
அயனாவரம் சலூனில் வெங்காயச் சாறு சொன்னார்கள்.
காலில் முடி கொட்டுவதை
யாரிடம் போய்ச் சொல்வது?
பங்கஜவல்லி மட்டும் ஒரு ராத்திரி
போர்வைக்குள் கால் பட்டதும்
"என்னங்க, ஷேவ் பண்றீங்களா?" என்று சிரித்தாள்.
பிறகு,
"ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"
மே மாதம். கரண்ட் வேறு போயிருந்தது.
என் டிபார்ட்மெண்ட்டைத் திட்டக்கூட மறந்துவிட்டாள்.

கரண்ட் கணக்கெடுப்பது என் வேலை.
ஓட்டேரியில் எல்லா மீட்டரும்
மாடிப்படிக்குக் கீழேதான்,
சைக்கிளுக்கும் காலி கேனுக்கும் பின்னால்.
கொஞ்ச நாளாகப்
பன்னிரண்டாவது வீட்டில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.
நிற்பேன். மீட்டரையே முறைப்பேன்,
தில்லுமுல்லைக் கண்டுபிடித்தவன் மாதிரி.
வீட்டுக்காரர்கள் பயந்துபோய் மோர் கொடுப்பார்கள்.
வலி விட்டதும் கார்டில் எழுதிவிட்டு நகர்வேன்.

புரசைவாக்கம் கிளினிக். டோக்கன் முப்பத்தேழு.
தைராய்டாக இருக்கலாம் என்று
புருவத்தின் வால் தேய்ந்திருக்கிறதா பார்த்தார் டாக்டர் மெஹருன்னிசா.
சர்க்கரையாக இருக்கலாம்.
ஆண் ஹார்மோன் இறங்கியிருக்கலாம்:
அக்குளில் குறைந்திருக்கிறதா, மார்பில்,
தினமும் சவரம் தேவைப்படுகிறதா?
சுவரில் தொங்கிய காலண்டருக்குப் பதில் சொன்னேன்.
உடம்பே தன் முடியை அந்நியன் என்று விரட்டுவதும் உண்டாம்,
அது காசு காசாக உதிருமாம்.
பேண்ட் உரசியே போகிறவர்களும் உண்டு,
அதற்கு மருந்தே வேண்டாம்.
"பேண்ட்தான் டாக்டர்" என்றேன்.

"நடந்தா வலிக்குதா?"
மோர் கதையைச் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குனிந்து
என் பாதத்தின் மேல் இரண்டு விரல் வைத்தார்.
அங்கே ஒரு நாடி இருப்பதே எனக்குத் தெரியாது.
வலது காலில் உடனே கிடைத்தது.
இடது காலில்
விரலை நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார்,
கணுக்காலின் உள்பக்கம் போனார்,
கண்ணை மூடிக்கொண்டார்.
வெளியே நாற்பதாம் டோக்கன் இருமியது.

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"
"விட்டுட்டேன்."
சட்டைப் பையில் பாக்கெட் சதுரமாகத் தெரிந்தது.

ரத்தம் போய்ச் சேராத இடத்தில் முடி நிற்காதாம்.
தெருக்கோடி வீட்டுக்கு மெட்ரோ தண்ணீர் வராத மாதிரி;
குழாய் இருக்கும், பிரஷர் இருக்காது.
காலில் அடைத்தது நெஞ்சிலும் அடைத்திருக்கலாம்.
கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி அளக்க வேண்டும்,
ரத்தம் எடுக்க வேண்டும்,
நாளைக்கே.

டாணா தெருவில் பாதி தூரத்தில் பிடித்துக்கொண்டது.
பழக்கத்தில் ஒரு மீட்டரைத் தேடினேன்.
ஜூஸ் கடைக்காரர் ஸ்டூலைத் தள்ளினார்.
உட்கார்ந்து
பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி
ஜனம் போகவர
அந்த வழவழப்பைத் தடவிப் பார்த்தேன்.
பாக்கெட்டை எடுத்தேன்; உள்ளே நான்கு.
ஸ்டூலுக்கு அடியில் வைத்தேன், திரும்ப எடுத்தேன்.

போன் போட்டேன்.
"ஷேவ் பண்ணலடி" என்றேன்.